ஜரிகை இழையும் விண்வெளி நடையும்

எட்டாம் வகுப்பில் ஒலியியல் பாடம் நடத்தும்போது நாம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நிலவில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசினால் கேட்குமா?" காற்று இல்லை, ஒலி பரவ ஊடகம் இல்லை, எனவே கேட்காது என்று மாணவர்கள் விடை எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் பாடம் அத்துடன் முடிந்துவிடும். காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பங்கள் நிறைந்த பகுதியில் உள்ள அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் ஒரு மாணவி அங்கே நிற்காமல் அடுத்த கேள்வியைக் கேட்டாள்: "அப்படின்னா வெளியில மிதக்கிறவங்க எப்படி டீச்சர் பேசிக்கிறாங்க?"

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆறு பாடவேளைகள் நடத்தினோம். ஒலி, மின்காந்த அலைகள், மின்கடத்தல், அளவீடு எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. கூடவே எங்கள் ஊர்த் தறியும் வந்து சேர்ந்தது. மற்ற பள்ளிகளிலும் செய்து பார்க்கலாம் என்பதால் பாடப்பொருளையும் செயல்பாடுகளையும் இங்கே வரிசையாகத் தருகிறேன்.

முதலில் தெளிய வேண்டியவை

மாணவர்களிடம் இரண்டு தவறான கருத்துகள் பரவலாக இருக்கின்றன. ஒன்று, ரேடியோ அலை என்பது ஒருவகை ஒலி அலை என்பது. வானொலியில் பாட்டு கேட்பதால் வரும் குழப்பம் இது. ரேடியோ அலை ஒளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கு ஊடகம் தேவையில்லை. வெற்றிடத்தில் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஒலிவாங்கி குரலை மின் குறியீடாக மாற்றுகிறது, ஆன்டெனா அதை மின்காந்த அலையாக வெளியே அனுப்புகிறது, மறுமுனையில் இன்னோர் ஆன்டெனா அதைப் பிடித்து மீண்டும் மின் குறியீடாக்குகிறது. இந்த மூன்று படிகளையும் கரும்பலகையில் படமாக வரைந்த பிறகுதான் மேலே செல்ல வேண்டும்.

இரண்டாவது, ஆன்டெனா எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்பது. ஆன்டெனாவின் நீளம் அலைநீளத்துக்குப் பொருந்த வேண்டும். ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஏற்றபடி தள்ளினால்தான் உயரமாகப் போகும் என்ற ஒத்ததிர்வு எடுத்துக்காட்டு இங்கே நன்றாக உதவுகிறது.

ஒரு மாணவன் "ரெண்டு ஹெல்மெட்டையும் ஒட்டி வெச்சுக்கிட்டா கேட்குமா?" என்று கேட்டான். கேட்கும். திண்மப் பொருளின் வழியாக ஒலி செல்லும். ஆனால் வேலை செய்யும்போது தலையோடு தலை ஒட்டிக்கொண்டு இருக்க முடியாது என்பதை அவனே சொல்லி முடித்தான்.

குரல் அறுந்தால் என்ன ஆகும்?

2013 ஜூலை 16 அன்று இத்தாலிய விண்வெளி வீரர் லூக்கா பர்மிட்டானோ பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தார். திடீரென்று தலைக்கவசத்தின் உள்ளே தண்ணீர் சேரத் தொடங்கியது. உடையைக் குளிர்விக்கும் அமைப்பிலிருந்து கசிந்த நீர் அது. எடையின்மையால் நீர் கீழே வடியாமல் தலையைச் சுற்றிப் படர்ந்து காது, கண், மூக்கு வரை வந்துவிட்டது. பின்தலையில் ஈரம் தெரிகிறது என்று அவர் குரலால் சொன்னதால்தான் நடையை நிறுத்தும் முடிவு எடுக்கப்பட்டது. திரும்பும் வழியில் நிலையம் இருளுக்குள் போனது. மற்றவர்களின் குரல் அவருக்கு மங்கியது, அவர் குரலும் சரியாகப் போய்ச் சேரவில்லை. பாதுகாப்புக் கயிற்றின் இழுவையை வைத்துத் தடவித் தடவிக் காற்றடைப்பு அறைக்கு வந்தார். அங்கே சக வீரர் கிறிஸ் காசிடி அவர் கையை அழுத்தி நிலையைக் கேட்டறிந்தார்.

அன்று ஆன்டெனா பழுதாகவில்லை. நீர்தான் பேச்சைக் குலைத்தது. ஆனாலும் விண்வெளி நடையில் குரல் என்பது உயிர்காக்கும் கருவி என்பதை மாணவர்கள் இந்த நிகழ்விலிருந்து புரிந்துகொண்டார்கள். கணக்குப் போடும் முன் இதைச் சொல்லிவிடுவது நல்லது. "ஏன் இவ்வளவு கவனமாக வடிவமைக்க வேண்டும்?" என்ற கேள்விக்கு அதன் பிறகு விளக்கம் தேவைப்படாது.

கம்பியிலிருந்து கம்பியில்லாத் தொடர்புக்கு

1965 மார்ச் 18 அன்று சோவியத் வீரர் அலெக்சி லியோனவ் முதல் விண்வெளி நடையை மேற்கொண்டார். சுமார் 12 நிமிடங்கள். அவரைக் கலத்துடன் இணைத்த கயிற்றிலேயே பேசுவதற்கான கம்பியும் இருந்தது. அதே ஆண்டு ஜூன் 3 அன்று வெளியே வந்த அமெரிக்கர் எட் வைட்டுக்கும் ஆக்சிஜன் குழாயுடன் சேர்ந்தே பேச்சுக் கம்பி சென்றது.

நிலவில் நடக்க வேண்டியபோது கம்பி உதவாது. அப்பல்லோ வீரர்களின் முதுகுப் பையின் மேல் சிறிய ஆன்டெனா நின்றது. 1984 பிப்ரவரி 7 அன்று புரூஸ் மெக்கேண்ட்லெஸ் எந்தக் கயிறும் இல்லாமல் சேலஞ்சர் விண்ணோடத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் தூரம் மிதந்து சென்றார். அவரையும் கலத்தையும் இணைத்தது ரேடியோ அலை மட்டுமே.

இப்போது பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நடப்பவர்கள் 414.2 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் பேசுகிறார்கள், மாற்றாக 417.1 மெகாஹெர்ட்ஸ் உள்ளது. முதுகுப் பையில் உள்ள ரேடியோவிலிருந்து நிலையத்துக்கும், நிலையத்திலிருந்து சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் உள்ள அஞ்சல் செயற்கைக்கோளுக்கும், அங்கிருந்து தரை நிலையத்துக்கும் குரல் தாவிச் செல்கிறது. இந்திய வம்சாவளியினரான சுனிதா வில்லியம்ஸ் ஒன்பது விண்வெளி நடைகளில் மொத்தம் 62 மணி 6 நிமிடம் வெளியே இருந்திருக்கிறார். 2025 ஜனவரி 30 அன்று அவரும் புட்ச் வில்மோரும் செய்த வேலைகளுள் ஒன்று, நிலையத்தின் சட்டகத்தில் பழுதாகியிருந்த ஆன்டெனாத் தொகுதியைக் கழற்றி எடுத்தது. ஆன்டெனா வழியாகப் பேசிக்கொண்டே ஆன்டெனாவைக் கழற்றியிருக்கிறார்கள் என்றதும் வகுப்பில் சிரிப்பு எழுந்தது.

கணக்குப் போடுவோம்

அலைநீளம் = ஒளியின் திசைவேகம் ÷ அதிர்வெண். வகுப்பில் எளிதாகச் செய்ய, 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸ் மதிப்பால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைத்துவிடும். நேராக நிற்கும் எளிய ஆன்டெனாவுக்கு அதில் கால் பங்கு நீளம் போதும்.

சென்னை வானொலியின் எஃப்.எம். ரெயின்போ, 101.4 மெகாஹெர்ட்ஸ்: அலைநீளம் 2.96 மீ, கால் பங்கு 74 செ.மீ.
விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் ரேடியோ, 145.8 மெகாஹெர்ட்ஸ்: அலைநீளம் 2.06 மீ, கால் பங்கு 51 செ.மீ.
அப்பல்லோ நிலவு நடை, 259.7 மெகாஹெர்ட்ஸ்: அலைநீளம் 1.16 மீ, கால் பங்கு 29 செ.மீ.
இன்றைய விண்வெளி நடை, 414.2 மெகாஹெர்ட்ஸ்: அலைநீளம் 72 செ.மீ., கால் பங்கு 18 செ.மீ.
வைஃபை, 2400 மெகாஹெர்ட்ஸ்: அலைநீளம் 12.5 செ.மீ., கால் பங்கு சுமார் 3 செ.மீ.

ஒவ்வொரு குழுவும் தன் நீளத்துக்கு நூலை வெட்டிச் சுவரில் ஒட்டியது. அதிர்வெண் கூடக் கூட நூல் குறைவது கண்ணுக்குத் தெரிந்தது. எதிர்விகிதம் என்ற சொல்லைக் கடைசியில்தான் நான் பயன்படுத்தினேன்.

வடிவமைப்பாளர் சந்திக்கும் சிக்கல்கள்

18 செ.மீ. கம்பியை முதுகில் நட்டுவிட்டால் போதாதா? போதாது. ஏன் என்று குழுக்களாகப் பிரித்து யோசிக்கச் சொன்னேன். வந்த விடைகளுடன் சிலவற்றை நான் சேர்த்தேன்.

முதலாவது, நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் கயிற்றிலோ கைப்பிடியிலோ மாட்டும். எனவே ஆன்டெனா உடையோடு ஒட்டித் தாழ்வாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, மிதப்பவர் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திரும்புவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் தொடர்பு அறக்கூடாது. ஒரே திசையில் குவித்து அனுப்பும் கிண்ண ஆன்டெனா இங்கே பயன்படாது.

மூன்றாவது, மனித உடல். உடலில் பெரும்பகுதி உப்பு கலந்த நீர். அது ரேடியோ அலையை உறிஞ்சும். அருகில் உள்ள ஆன்டெனாவின் ஒத்ததிர்வையும் மாற்றிவிடும். ஆகவே உடலுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே ஓர் உலோகத் தளத்தை வைப்பது வழக்கம்.

நான்காவது, நிலையத்தின் உலோகச் சுவர்கள். நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் சில இடங்களில் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும்.

ஐந்தாவது, வெப்பநிலை. வெயிலில் சுமார் 120 டிகிரி செல்சியஸ், நிழலில் உறைநிலைக்குக் கீழே 150 டிகிரிக்கும் அதிகம். நிலையம் பூமியைச் சுற்ற ஏறத்தாழ 90 நிமிடம் என்பதால் இந்த மாற்றம் ஒரே நடையில் பலமுறை நிகழும். உலோகம் விரிந்து சுருங்கினால் ஆன்டெனாவின் நீளம் மாறும், ஒத்ததிர்வும் நகரும்.

தறி இங்கே எப்படி வந்தது?

உடையோடு ஒட்டியிருக்க வேண்டும், வளைய வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும். இந்த மூன்று தேவைகளையும் பலகையில் எழுதியதும் "அப்போ துணியிலேயே செஞ்சிடலாமே டீச்சர்" என்றது பின்வரிசைக் குரல். அதைத்தான் ஆய்வாளர்களும் செய்துவருகிறார்கள். நாசாவின் ஜான்சன் விண்வெளி மையம் மின்கடத்தும் துணியால் ஆன்டெனாக்கள் செய்து பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு, தாமிரத்தின் மேல் வெள்ளி பூசிய மெல்லிழைகளைக் கொண்டு எம்பிராய்டரி இயந்திரத்தில் ஆன்டெனா தைத்தது. 0.1 மி.மீ. துல்லியத்தில் தைக்க முடிந்ததாக 2016இல் அறிவித்தார்கள்.

வெள்ளி பூசிய இழை என்றதும் வகுப்பில் பாதிப் பேர் நிமிர்ந்தார்கள். அது அவர்கள் வீட்டில் இருக்கும் பொருள். காஞ்சிப் பட்டுக்கான அசல் ஜரிகையில் நடுவே பட்டு நூல், அதைச் சுற்றித் தட்டையாக்கப்பட்ட வெள்ளிக் கம்பி, அதன் மேல் தங்க முலாம். பட்டின் வளைவும் உலோகத்தின் கடத்தலும் ஒரே இழையில் கிடைக்கின்றன.

இதில் இயற்பியல் நிறைய இருக்கிறது. உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பில்தான் ஓடும். 414 மெகாஹெர்ட்ஸில் வெள்ளியில் அது மேலிருந்து சுமார் 3 மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதனால் உள்ளே பட்டு இருப்பது பெரிய குறை அல்ல. அடுத்தது சுற்று. வெள்ளிக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டு ஒரு சுற்று அடுத்த சுற்றைத் தொட்டால் இழை ஒரு குழாய்போல நடந்துகொள்ளும். இடைவெளி விட்டால் மின்னோட்டம் சுருள் வழியே நீண்ட தூரம் சுற்றிச் செல்ல வேண்டும். மூன்றாவது, திசை. முந்தியில் குறுக்காக ஓடும் ஜரிகை ஊடை. பார்டரில் நீளவாட்டில் ஓடும் ஜரிகைக் கோடு பாவு. மின்னோட்டம் இழை ஓடும் திசையில் எளிதாகச் செல்லும். இரு திசையிலும் செல்ல வேண்டுமானால் பாவிலும் ஊடையிலும் ஜரிகை வேண்டும், இரண்டும் சந்திக்கும் இடத்தில் நன்றாகத் தொட வேண்டும்.

தங்க முலாமுக்கும் காரணம் உண்டு. பழைய புடவையில் முலாம் தேய்ந்த இடத்தில் ஜரிகை கறுப்பதை மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களுடன் வெள்ளி வினைபுரிந்து வெள்ளி சல்பைடு உண்டாவதே காரணம். விண்வெளி நிலையம் சுற்றும் உயரத்தில் கந்தகம் இல்லை. ஆனால் தனி ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. அவை வெள்ளியை விரைவாக அரிக்கும். தங்கம் அசையாது. ஆகவே அங்கும் தங்க முலாம் தேவைப்படுகிறது.

இதற்கு எங்கள் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிய நிசார் செயற்கைக்கோளின் ரேடார் எதிரொளிப்பான் 12 மீட்டர் விட்டம் கொண்டது. அது தங்க முலாம் பூசிய கம்பி வலையால் ஆனது. மடித்து எடுத்துச் செல்லப்பட்டு ஆகஸ்ட் 15 அன்று விண்வெளியில் குடைபோல விரிந்தது. அதன் பரப்பு சுமார் 113 சதுர மீட்டர். 5.5 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள புடவைகளாகக் கணக்கிட்டால் எத்தனை? ஏறத்தாழ 17. வலையில் ஓட்டை இருந்தால் அலை வெளியே போய்விடாதா என்ற கேள்வி வரும். ஓட்டை அலைநீளத்தைவிட மிகச் சிறிதாக இருந்தால் அலைக்கு அது முழுத் தகடுபோலவே இருக்கும். நிசாரின் ஓர் அலைவரிசையின் அலைநீளம் 24 செ.மீ.

வகுப்பறைச் செயல்பாடுகள்

செயல்பாடு 1: செல்பேசியை அலுமினியத் தாளில் இரண்டு சுற்று இடைவெளியின்றிச் சுற்றி, அந்த எண்ணுக்கு அழையுங்கள். பிறகு மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் வைத்து அழையுங்கள். டப்பாவில் சில நேரம் மணி ஒலிக்கும். மூடிக்கும் டப்பாவுக்கும் இடையிலான மெல்லிய இடைவெளி வழியே அலை நுழைவதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

செயல்பாடு 2: நீளும் ஏரியல் உள்ள சிறிய எஃப்.எம். வானொலியில் மங்கலாக வரும் நிலையத்தை வையுங்கள். காஞ்சியில் சென்னை நிலையங்கள் இதற்குப் பொருத்தம். ஏரியலைப் படிப்படியாக நீட்டிக் கேளுங்கள். ஏரியலைக் கையால் பிடியுங்கள், ஒரு மாணவரை அருகில் நிறுத்துங்கள், விலக்குங்கள். உடல் ஆன்டெனாவை எப்படிப் பாதிக்கிறது என்பதைக் காதால் அறியலாம்.

செயல்பாடு 3: இரண்டு மின்கலம், ஒரு 100 ஓம் மின்தடை, ஒரு சிவப்பு எல்.இ.டி. எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றின் ஓர் இடத்தில் கம்பிக்குப் பதிலாக 10 செ.மீ. ஜரிகையை இணையுங்கள். அசல் ஜரிகையில் விளக்கு எரியும். பாலியெஸ்டர் படலத்தாலான ஜரிகைகள் பளபளத்தாலும் மேலே உள்ள பூச்சினால் பல நேரம் கடத்துவதில்லை. பளபளப்பும் கடத்தலும் ஒன்றல்ல என்பதை இந்த ஒப்பீடு காட்டும். எல்.இ.டி.யும் மின்தடையும் இல்லாமல் ஜரிகையை மின்கலத்தில் நேரடியாக இணைக்கக் கூடாது. இழை சூடேறிக் கருகும். வீட்டு மின் இணைப்பின் அருகே இதைக் கொண்டு போகவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

செயல்பாடு 4: 74 செ.மீ. அட்டைப் பட்டையில் அசல் ஜரிகையை நீளவாட்டில் ஒட்டி, வானொலியின் ஏரியல் முனையில் கவ்வியால் இணையுங்கள். ஏரியலை மடக்கி வைத்த நிலையிலும், ஜரிகையை இணைத்த நிலையிலும் கேட்டு ஒப்பிடுங்கள். எங்கள் வகுப்பில் இணைத்ததும் கரகரப்பு குறைந்து பேச்சு தெளிவானது. பிறகு அட்டையை வளைத்தும் மடித்தும் கேட்டோம். உடையில் தைத்த ஆன்டெனா முழங்கையிலோ தோளிலோ மடியும்போது என்ன ஆகும் என்ற விவாதம் அங்கிருந்து தொடங்கியது.

ஜரிகை விலை உயர்ந்தது. மாணவர்களிடம் வீட்டிலிருந்து கொண்டு வரச் சொல்ல வேண்டாம். கூலிக்கு நெய்பவர்கள் ஜரிகைக்கு எடைக் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். பெற்றோரிடம் நாமே பேசி, கழிவாக விழும் துண்டுகளை மட்டும் வாங்கிக்கொள்வது நல்லது.

அப்படிப் பேசப் போனதில் எதிர்பாராத பயன் கிடைத்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த நெசவாளர் ஒருவர் துண்டு ஜரிகையைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "இழை அறுந்தா நாங்க முடிச்சு போட்டு ஓட்டிடுவோம் டீச்சர். உங்க கரண்டு அந்த முடிச்சுல போகுமா?" அவரையே மறுநாள் வகுப்புக்கு அழைத்தோம். அவர் போட்ட இறுக்கமான முடிச்சில் எல்.இ.டி. எரிந்தது. மாணவர்கள் போட்ட தளர்ந்த முடிச்சில் மினுக்கியது, அசைத்தால் அணைந்தது. உலோகமும் உலோகமும் அழுத்தமாகத் தொட்டால்தான் கடத்தல் சீராக இருக்கும் என்பது ஆன்டெனா வலை செய்பவர்களுக்கும் முக்கியமான பிரச்சினை. அதை ஒரு நெசவாளர் தன் கைப்பழக்கத்திலிருந்து கேட்டுவிட்டார்.

இதில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஒன்று உண்டு. பெற்றோர் என்ன வேலை என்று கேட்டால் "தறி" என்று தலையைக் குனிந்து சொல்லும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அறிவியல் வேறெங்கோ இருக்கிறது, தங்கள் வீட்டில் இருப்பது அறிவியல் அல்ல என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அந்த வாரம் பாவு எது, ஊடை எது, ஜரிகை எப்படிச் சுற்றப்படுகிறது என்பதை அவர்கள்தான் மற்றவர்களுக்கும் எனக்கும் விளக்கினார்கள். தேர்வில் எப்போதும் பின்தங்கும் ஒரு மாணவன் பட்டுநூலும் வெள்ளிக் கம்பியும் உள்ள இழையைப் பலகையில் வெட்டுமுகமாக வரைந்து காட்டினான். அவன் கை எழுப்பி நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்

1. விண்வெளி நடைக்கு 414.2 மெகாஹெர்ட்ஸுக்குப் பதிலாக 828.4 மெகாஹெர்ட்ஸ் பயன்படுத்தினால் கால்பங்கு ஆன்டெனாவின் நீளம் எவ்வளவு ஆகும்?
2. ஆன்டெனாவை மார்பில் வைத்தால் என்ன நன்மை, என்ன குறை? இரண்டு ஆன்டெனா வைத்தால்?
3. வெள்ளி தங்கத்தைவிட நன்றாக மின்சாரம் கடத்தும். இருந்தும் வலைக் கம்பிக்குத் தங்க முலாம் ஏன்?
4. தீயணைப்பு வீரரின் உடையில் துணி ஆன்டெனா தைக்க வேண்டுமானால் விண்வெளி உடையில் இல்லாத எந்தச் சிக்கல்கள் வரும்?

நான்காவது வினாவுக்கு ஒரே சரியான விடை கிடையாது. தண்ணீர், புகை, துவைத்தல், கிழிசல் என்று எதைச் சொன்னாலும் காரணத்தோடு சொன்னால் மதிப்பெண் கொடுத்தேன். மேல்நிலை வகுப்புகளில் மின்காந்த அலைகள் பாடத்துக்கு இதே செயல்பாடுகளை அறிமுகமாக வைக்கலாம். நெசவு இல்லாத ஊர்களில் பழைய ஹெட்போன் கம்பி, அலுமினியத் தாள் பட்டை ஆகியவற்றைக் கொண்டு நான்காம் செயல்பாட்டைச் செய்ய முடியும். உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோ ஆர்வலர் அருகில் இருந்தால், நிலையம் நம் தலைக்கு மேலே கடக்கும் நேரம் பார்த்து 145.8 மெகாஹெர்ட்ஸில் அவர் துணையோடு கேட்டுப் பார்க்கலாம்.

2035ஆம் ஆண்டுக்குள் இந்தியாவுக்கென்று ஒரு விண்வெளி நிலையம் அமைப்பது நம் நாட்டின் திட்டம். நிலையம் இருந்தால் பழுது பார்க்க வெளியே போக ஆள் வேண்டும், அவர் குரல் அறுந்துவிடாமல் காக்க ஆன்டெனா வேண்டும். இன்று எட்டாம் வகுப்பில் இருப்பவர்களுக்கு அப்போது இருபத்து மூன்று வயது இருக்கும். எங்கள் ஆறாவது பாடவேளை முடிந்தபோது, 74 செ.மீ. ஜரிகை ஒட்டிய அந்த அட்டைப் பட்டையை யார் வீட்டுக்கு எடுத்துப் போவது என்று போட்டி வந்துவிட்டது. வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்திருக்கிறோம்.